காயில் கடையில் ரத்தம் இல்லை

உண்மையின் விலை மாதம் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. வரி தனி. வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாத உண்மை இலவசம் என்று தொலைபேசியில் பேசிய பெண் தேன் ஒழுகச் சொன்னாள்.

காயில்காரர் பேரம் பேசிப் பார்த்தார். செம்புக் கம்பி வாங்குகிற இடத்தில் மூன்று தடவை படியிறங்கி நடந்து, மூன்று தடவையும் பின்னாலிருந்து கூப்பிடப்பட்ட மனிதர் அவர்.

“ஒரே ஒரு வரிதாம்மா பொய். அதை மட்டும் அழிக்க எவ்வளவு?”

“சில்லறையாத் தர்றதில்லைங்க சார். பேக்கேஜ்தான்.”

அந்த ஒரு வரி இதுதான். அவள் வேலைபார்க்கும் தேடல் நிறுவனத்தின் பக்கத்தில் ‘ரத்த வங்கி’ என்று தட்டினால், ஊருக்கு இருக்கிற ஒரே ரத்த வங்கியின் பெயர் வரும், படம் வரும், திறக்கிற நேரம் வரும். எல்லாம் சரி. தொலைபேசி எண் மட்டும் காயில்காரருடையது.

அவர் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியைப் பிடுங்கி எறிந்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருவது தொழில். அந்தத் தொழிலில் கை பாதி, எண்ணிக்கை பாதி. நூற்று முப்பத்திரண்டு சுற்று என்றால் நூற்று முப்பத்திரண்டுதான். குறைந்தால் மோட்டார் சூடேறி மறுபடி எரியும். கூடினால் தண்ணீர் மேலே ஏறாது. அதனால் வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவார். நடுவில் போன் அடித்தால் கையை நிறுத்தி, நின்ற எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் எடுப்பார்.

முதல் அழைப்பு எழுபத்தாறாவது சுற்றில் வந்தது.

“ஹலோ, ஓ நெகட்டிவ் இருக்குங்களா?”

“அது எந்தக் கம்பெனி மோட்டாருங்க?”

எதிர்முனையில் ஒரு பெண் அழுதாள். காயில்காரர் எத்தனையோ வாடிக்கையாளர்களைத் தாமதப்படுத்தியிருக்கிறார். யாரும் அழுததில்லை. அன்றைக்கு மட்டும் பதினோரு பேர் கூப்பிட்டார்கள். சுவர் முழுக்க எண்களாகிவிட்டது. எது எந்த மோட்டாரின் எண் என்பது அவருக்கே குழம்பியது.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரத்த வங்கிக்கே போனார். அங்கே வாசலில் இருந்தவரிடம் சரியான எண்ணையும் மற்ற விவரங்களையும் கேட்டு ஓர் அட்டையில் எழுதி, கடையில் ஆணியடித்து மாட்டினார். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்.

“இது காயில் கடைங்க. பதறாதீங்க. வங்கி நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க. ஆனா எடுக்க மாட்டாங்க, நேராப் போயிடுங்க. மார்க்கெட் தாண்டி தண்ணித்தொட்டிக்கு எதிர்ல, பச்சை கேட்டு. டாக்டர் சீட்டும், நோயாளியோட ரத்தம் எடுத்த டியூப்பும் கையோட கொண்டுபோங்க. அது இல்லாம போனா திருப்பி அனுப்பிடுவாங்க.”

நாற்பது வினாடி. ஒருவர்கூட இரண்டாம் தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இந்த நல்ல குணம்தான் அவரைக் கவிழ்த்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் பக்கத்துப் போல்ட்டுக்கடைக்காரர். செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, உங்களுக்கு நூத்தி அறுபத்திரண்டு பேர் நட்சத்திரம் குத்தியிருக்காங்க. நாலு புள்ளி எட்டு! நான் பன்னண்டு வருஷமா நட்டும் போல்ட்டும் விக்கிறேன், மூணைத் தாண்டலை.”

“யோவ், அதெல்லாம் காயிலுக்கு இல்லைய்யா.”

“எதுக்கா இருந்தா என்னண்ணே, மரியாதை மரியாதைதானே? இதைக் கேளுங்க. ‘முதல் மணியிலேயே எடுத்தார். அன்பாகப் பேசினார். ரத்தம்தான் இல்லை.’ அஞ்சு நட்சத்திரம். இன்னொண்ணு. ‘பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. உபகரணங்களை நன்றாகப் பராமரிக்கிறார்கள்.’ இதுவும் அஞ்சு.”

‘தகவல் தவறு’ என்ற பொத்தானைப் போல்ட்டுக்கடைக்காரரே அமுக்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘தங்கள் திருத்தத்தை ஏற்க இயலவில்லை. பிற பயனர்களின் அனுபவம் இதற்கு மாறாக உள்ளது.’

காயில்காரர் எண்ணையே மாற்றிப் பார்த்தார். நான்கு நாளில் நிறுவனம் புது எண்ணைத் தானே மோப்பம் பிடித்துச் சேர்த்துவிட்டு, ‘உங்கள் ரத்த வங்கியின் விவரத்தைப் புதுப்பித்துள்ளோம்’ என்று மகிழ்ச்சி தெரிவித்தது. பழைய சிம்மையே திரும்பப் போட்டார். பழைய எண்ணும் திரும்பி வந்தது.

அப்போதுதான் தேன்குரல் பெண்ணுக்குப் பணம் கட்டினார். கட்டியதும் ஒரு படிவம் திறந்தது. பதிவைத் திருத்தும் உரிமை உரிமையாளருக்கு மட்டுமே என்றது. ‘நீங்கள் இந்த ரத்த வங்கியின் உரிமையாளரா?’ கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘ஆம்.’ மற்றது ‘பிறகு சொல்கிறேன்.’

காயில்காரர் வெகுநேரம் யோசித்து, உள்ளே போனால்தானே அழிக்க முடியும் என்று ‘ஆம்’ என்பதை அமுக்கினார். உடனே எண்ணுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு டிக் முளைத்தது. ‘உரிமையாளரால் உறுதிசெய்யப்பட்டது.’ உறுதிசெய்யப்பட்ட எண்ணை ஓராண்டுக்கு மாற்ற இயலாது என்று அதற்கடியில் பொடி எழுத்தில் இருந்தது.

நிறுவனத்தின் அலுவலகம் ஒன்பதாவது மாடியில் இருந்தது. நாற்காலிக்குப் பதில் கலர் கலராகத் திண்டுகள். ஒரு போன்கூடக் கண்ணில் படவில்லை. கழுத்தில் அட்டை தொங்க வந்த துல்லியப் பிரிவு அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். காயில்காரரைப் பச்சைத் திண்டில் உட்காரவைத்து, தாமும் பக்கத்தில் சம்மணம் போட்டார்.

“சொல்லுங்க சார், உங்க அனுபவம் எப்படி இருந்துச்சு?”

“என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது சார்? அதைச் சொல்லுங்க முதல்ல.”

அதிகாரி மடிக்கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். ரத்த வங்கியின் முகப்பு. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து வெறும் தகரமாக நின்றது. கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் மோட்டார். அதன் வயிற்றில் சிவப்புப் பெயிண்டில் பத்து இலக்கம், கொட்டை எழுத்தில்.

அது காயில்காரரின் கையெழுத்து. எந்த மோட்டாருக்குக் காயில் கட்டினாலும் அதன் வயிற்றில் தம் எண்ணை எழுதித்தான் அனுப்புவார். மறுபடி எரிந்தால் வேறு கடைக்குப் போய்விடக் கூடாதே என்கிற வியாபார புத்தி.

“சார், அது மோட்டாரோட நம்பர். மோட்டார் எரிஞ்சா கூப்பிட எழுதினது.”

“இருக்கலாம் சார். ஆனா எங்க ஆள் நேர்ல போனப்போ அந்தக் கட்டடத்துல படிக்க முடிஞ்ச ஒரே நம்பர் அதுதான்.”

“தப்புன்னு தெரிஞ்சுபோச்சில்ல? அழிச்சிடுங்க.”

அதிகாரி குழந்தைக்குச் சொல்வதுபோலச் சிரித்தார். “தப்பு, சரி எல்லாம் பழைய பழக்கம் சார். நாங்க எதையும் உண்மைன்னு சொல்றதே இல்லை. சொன்னா பொறுப்பு வந்துடும். நாங்க காட்டறோம், அவ்வளவுதான். நீங்க ஒருத்தர் ரத்த வங்கி இல்லைன்னு சொல்றீங்க. நூத்தி அறுபத்திரண்டு பேர் ஆமாங்கறாங்க. நான் யார் பக்கம் நிக்கட்டும்?”

“என்கிட்ட ரத்தம் இல்லையே!”

“அது இருப்பு விஷயம். ‘தற்போது இருப்பு இல்லை’ன்னு ஒரு வசதி இருக்கு. உங்க பேக்கேஜ்லயே வருது. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? நூறு அழைப்புக்கு நூறும் எடுத்திருக்கீங்க. யாரும் ரெண்டாந்தடவை கூப்பிடலை. அந்த ஒரிஜினல் வங்கி ஒண்ணுகூட எடுக்கலை. ரத்தம் வச்சிருக்கறது பெரிசில்லை சார். போனை எடுக்கறவர்தான் எங்களுக்கு வங்கி.”

காயில்காரர் கேட்டார். “இதுல யாராவது செத்துப்போனா?”

“அது எங்க புள்ளிவிவரத்துல தனியா வராது சார்,” என்றார் அதிகாரி, ஒளிக்க எதுவுமில்லாத முகத்தோடு. “மறுபடி தேடாதவங்க கணக்குல சேர்ந்துடுவாங்க. ஒருத்தர் மறுபடி தேடலைன்னா, தேடினது கிடைச்சுதுன்னு அர்த்தம். அவங்களைத் திருப்தியடைஞ்சவங்கன்னு குறிச்சுக்குவோம்.”

புறப்படும்போது அதிகாரி மனமிரங்கி ஒரு வழி சொன்னார். கடை முழுவதையும் வீடியோ எடுத்து, அங்கே ரத்தம் இல்லை என்று நிரூபித்து அனுப்பலாம்.

போல்ட்டுக்கடைக்காரர் செல்போனைப் பிடிக்க, காயில்காரர் கடையைச் சுற்றிக் காட்டினார். “இது வார்னிஷ் டப்பா. இது கம்பிச்சுருள். இது எரிஞ்ச மோட்டார். ரத்தம் எங்கயும் இல்லை, பாத்துக்குங்க.” அலமாரியைத் திறந்து காட்டினார். பெஞ்சை நகர்த்திக் காட்டினார். நகர்த்தும்போது அறுந்த கம்பி முனை விரலைக் கிழித்தது. உதறிக்கொண்டே முடித்தார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. ‘தாங்கள் அனுப்பிய காணொளியில் வளாகத்தில் ரத்தம் இருப்பது உறுதியாகிறது. அந்த வளாகத்தின் முகவரியும் சேர்க்கப்பட்டுள்ளது.’

நிஜ ரத்த வங்கியிடமே முறையிடலாம் என்று போனார். தலைமை மருத்துவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். அவர் மேசையில் ஒரு கேடயம் இருந்தது. அதற்குப் பக்கத்தில், தூசி படியாமல் பிளாஸ்டிக் உறைபோட்ட தொலைபேசி.

“நீங்கதானா அது! உங்களைப் பாக்கணும்னே இருந்தேன். ஒன்றரை வருஷமா இது அடிக்கலை. போன்ல பேசலைன்னா புகார் ஏது? புகாரே இல்லாத நிறுவனம்னு மேலிடத்துல கேடயம் குடுத்திருக்காங்க. இதுல உங்க பங்கும் இருக்கு, நான் மறக்க மாட்டேன்.”

“டாக்டர், ஒரு புது போர்டு மாட்டுங்க. உங்க நம்பரைப் பெரிசா எழுதுங்க.”

“எழுதிக் கேட்டிருக்கோம். மூணு வருஷம் ஆச்சு. போர்டுக்குப் பணம் ஒதுக்கணும்னா, போர்டு இல்லாததால புகார் வந்திருக்கணும். நமக்குத்தான் புகாரே இல்லையே.” பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். “முடிஞ்சா காலை வேளையில ஆளுங்களைக் கொஞ்சம் கம்மியா அனுப்புங்களேன். ஸ்டாஃப் டீ குடிக்கற நேரம்.”

காயில்காரர் வெளியே வந்து, மோட்டாரின் வயிற்றில் இருந்த எண்ணைத் தின்னர் ஊற்றித் துடைத்தார். வங்கிச் சொத்தைச் சேதப்படுத்தியதாகக் காவலாளி பெயர் எழுதி வாங்கிக்கொண்டார்.

அந்த மாதம் அவர் கட்டிய மோட்டார்களில் ஐந்து திரும்பி வந்தன. எல்லாம் எண்ணிக்கை பிசகியவை. ஐந்துக்கும் கூலியில்லாமல் மறுபடி கட்டினார். வாடிக்கையாளர்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். “என்னண்ணே, இப்ப ஆஸ்பத்திரி வேலையும் பாக்கறீங்களாமே?” என்று கேட்டுவிட்டு மோட்டாரை வேறு கடைக்குத் தூக்கிப் போனார்கள்.

பேக்கேஜை ரத்து செய்யக் கூப்பிட்டபோது, தேன்குரல் பெண் திடீரென்று தேனை விட்டுவிட்டு அடிக்குரலில் பேசினாள். “சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. முப்பது நாள் ஒரு அழைப்பைக்கூட எடுக்காதீங்க. ஒண்ணை எடுத்தாலும் கணக்கு முதல்லேர்ந்து. முப்பது முடிஞ்சா செத்த நம்பர்னு சிஸ்டமே தூக்கிடும்.”

“முப்பது நாள்ல எத்தனை பேர் கூப்பிடுவாங்கன்னு தெரியுமாம்மா?”

“தெரியும் சார். எங்களுக்குத் திரையிலேயே வரும்.”

வீட்டில் மனைவிதான் கணக்குப் போட்டாள். “எடுத்துக்கிட்டே இருந்தா காலம் பூரா எடுக்கணும். நாளைக்கு உங்களுக்கே ஒண்ணுன்னா அப்புறம் யாரு எடுப்பா? முப்பது நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா, அப்புறம் எல்லாரும் சரியான இடத்துக்கே போயிடுவாங்கல்ல?”

“அந்த முப்பது நாள்ல கூப்பிடறவங்க?”

அவள் எழுந்துபோய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தாள். “வர்ற நம்பரையெல்லாம் நான் எழுதிவைக்கறேன். முடிஞ்சதும் ஒவ்வொருத்தரையாக் கூப்பிட்டு என்னாச்சுன்னு கேப்போம்.”

வியாபாரத்தில் இதற்குச் சின்ன நஷ்டத்தைத் தாங்கிப் பெரிய நஷ்டத்தைத் தவிர்ப்பது என்று பெயர். காயில்காரருக்கு அது பழக்கம்தான். சரக்கு விஷயத்தில்.

போன் பெஞ்சின்மேல் குப்புறக் கிடந்தது. அடிக்கும்போதெல்லாம் பெஞ்சிலிருந்த திருகாணிகள் சேர்ந்து நடுங்கின. அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு. கை நிற்கவில்லை, சுவரில் எழுதவில்லை. அந்த நாட்களில் அவர் கட்டிய மோட்டார் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சாயந்தரம் மனைவி வந்து, போனைப் புரட்டிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போவாள்.

பத்தொன்பதாம் நாள் முற்பகல் ஒருவன் கடை வாசலில் வந்து நின்றான். முப்பது வயதுகூட இருக்காது. ஒரு காலில் ரப்பர் செருப்பு, இன்னொரு காலில் தோல் செருப்பு. கையில் கசங்கிய சீட்டு.

“அண்ணே, ரத்த வங்கி இதுதானே? ஏழு தடவை அடிச்சேண்ணே. எடுக்கலை. அதான் அட்ரஸைப் பாத்து ஓடிவந்தேன்.”

“யாருக்குத் தம்பி?”

“என் சம்சாரத்துக்கு. குழந்தை பொறந்துடுச்சு. ரத்தம் நிக்கலை.”

காயில்காரர் கையிலிருந்த கம்பியை அப்படியே விட்டார். தம் தலைக்கவசத்தை அவனிடம் கொடுத்து, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தார். மார்க்கெட் தாண்டி, தண்ணீர்த்தொட்டிக்கு எதிரில், பச்சை கேட். வங்கி திறந்திருந்தது. அந்த வகை ரத்தம் நான்கு பை இருந்தது. கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார்.

“டியூப் எங்கே?”

“என்ன டியூப்புங்க?”

“பேஷன்ட் சாம்பிள். ஒத்துப்போகுதான்னு பாக்காம எப்படிக் குடுக்கறது? போய் எடுத்துட்டு வாங்க.”

காயில்காரர் போனில் ஒப்பித்து வந்த நாற்பது வினாடியில் கடைசி எட்டு வினாடி அது. அவனை மறுபடி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். மார்க்கெட்டில் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவனை இறக்கிவிட்டு, டியூப்போடு வருவான் என்று ஸ்கூட்டரை அணைக்காமலே காத்திருந்தார். பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக நின்றது. அவன் வரவில்லை.

மூன்று நாள் கழித்து வந்தான். தலைக்கவசத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான்.

“குழந்தை?” என்றார் காயில்காரர்.

“நல்லாருக்குண்ணே. பொண்ணு.” தலைக்கவசத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய அட்டையை நிதானமாகப் படித்தான். கடைசி வரியை மறுபடி படித்தான். “போனை எடுத்திருந்தீங்கன்னா இதைச் சொல்லியிருப்பீங்கல்லண்ணே?”

குற்றமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“சொல்லியிருப்பேன்,” என்றார் காயில்காரர்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

அவன் தெருமுனை திரும்புவதற்குள் பெஞ்சில் போன் நடுங்கியது. காயில்காரர் கையை நீட்டினார். நோட்டில் எழுத வந்து கடைக்குள் நின்ற மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் எட்டு நாள்தாங்க. இப்ப எடுத்தா அவன் சம்சாரம் உயிரை விட்டதும் வீணாப்போயிடும்.” அடித்து ஓய்கிறவரை இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவள் நோட்டை எடுத்தாள்.

முப்பதாம் நாள் முடிந்த மறுநாள் காலை கடிதம் வந்துவிட்டது. நிறுவனம் சொன்ன சொல் தவறவில்லை. போல்ட்டுக்கடைக்காரர்தான் வாசித்தார். ஆரம்பத்தில் உரக்க வாசித்தவர், போகப்போகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

‘வாழ்த்துகள். தங்கள் எண் செயலிழந்தது என உறுதி செய்து நீக்கியுள்ளோம். உரிமையாளரையே தொடர்புகொள்ள முடியாத காரணத்தால், ரத்த வங்கி நிரந்தரமாக மூடப்பட்டதாகக் குறிக்கப்பட்டுள்ளது. அருகிலுள்ள அடுத்த ரத்த வங்கி: நூற்று நாற்பது கிலோமீட்டர்.’

காயில்காரர் அங்கே ஓடினார். பச்சை கேட் விரியத் திறந்து கிடந்தது. காத்திருக்கும் பெஞ்சுகளில் ஒருவரும் இல்லை. தலைமை மருத்துவர் அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஊர்ல ரத்தத்தோட தேவையே குறைஞ்சுபோச்சு, கவனிச்சீங்களா? ஆரோக்கியம் கூடியிருக்கு. ரெண்டு குளிர்பெட்டியை அணைச்சுட்டோம், மின்சாரம் மிச்சம்.”

தேன்குரல் பெண்ணைக் கூப்பிட்டார். “வங்கியை மறுபடி திறந்து காட்டணும்மா. என்ன செய்யணும்?”

“உரிமையாளர் கேக்கணும் சார்.”

“நான்தானே உரிமையாளர்? நீல டிக்கு குடுத்திருக்கீங்களே!”

“ஆமா சார். ஆனா உங்களோட பதிவான நம்பருக்குக் கூப்பிட்டுத்தான் உறுதிப்படுத்தணும். அது செத்த நம்பர். அதுக்கு நாங்க கூப்பிட மாட்டோம்.”

“எவ்வளவு ஆனாலும் தர்றேன். பேரம்கூடப் பேசலை.”

“செத்த நம்பருக்குப் பேக்கேஜ் இல்லைங்க சார்.”

மறுநாள் அவர் ஒரு மோட்டார் கேட்டு வந்தவரைத் திருப்பியனுப்பினார். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மனைவியின் போனையும் அந்த நீள நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் எண்ணைப் படிக்கப் படிக்க அவர் அழுத்தினார். “காயில் கடையிலேர்ந்து பேசறேங்க. அன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க, எடுக்க முடியலை. என்னாச்சுன்னு கேக்கலாம்னு.” சிலர் திட்டினார்கள். சிலர் எதுவும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், அவரும் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு கிழவர், “இவ்வளவு தூரம் கேட்டதுக்கு நன்றி தம்பி” என்றார். ஆறு நாள் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் மனைவி கோடு போட்டு எழுதினாள்.

முப்பது நாளில் வந்த எண்கள்: அறுநூற்று நாற்பத்தொன்று.

எங்கேயோ அலைந்து கிடைத்துவிட்டது என்றவர்கள்: முன்னூற்று எண்பத்தெட்டு.

எடுக்கவே இல்லை: இருநூற்றுப் பதினான்கு.

இனிமேல் ரத்தம் வேண்டாம் என்றவர்கள்: முப்பத்தெட்டு.

ஏழு தடவை அடித்தது, திருப்பிக் கூப்பிடாதது: ஒன்று.